தலைவர் பேசுமுன் ஒரு பாட்டு

மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு திறந்த மடல்



மே தினத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் யார் காதிலும் விழாது. அதற்குள் மேடைக்காரருக்கு முற்பணம் போயிருக்கும். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை பஸ், எத்தனை தொப்பி, எத்தனை சோற்றுப் பார்சல் என்று கணக்கு முடிந்திருக்கும். ஒலிபெருக்கிக்காரர் தன் பாட்டுகளை வரிசைப்படுத்தி வைத்திருப்பார். நான் பேச வந்தது அந்தப் பாட்டுகளைப் பற்றித்தான்.

நான் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. ஆனாலும் கேட்க உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். என் அம்மா கொழுந்தெடுத்த காலம் முழுக்க அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடித்தார்கள். பெயர் எழுதிக் கொடுத்தது அவர், பிடித்தது தோட்டத்து ஆபீஸ், போய்ச் சேர்ந்தது சங்கத்துக்கு. அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் யாரும் கணக்குக் கேட்டதில்லை. நானும் இப்போது காசுக்கணக்குக் கேட்கப் போவதில்லை.

மே தினத்தன்று அட்டன் டன்பார் மைதானத்திலோ, தலவாக்கலையிலோ, நுவரெலியாவிலோ நடப்பதை நினைத்துப் பாருங்கள். காலையிலேயே பஸ்கள் வந்துவிடுகின்றன. பெண்கள் இறங்கி, கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, கொடுத்த கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலமாக வந்து உட்காருகிறார்கள். தலைவர் வர நேரமாகும். அதுவரைக்கும் சினிமாப் பாட்டு. பிறகு தலைவர் வருகிறார். அவர் வருவதற்கும் ஒரு சினிமாப் பாட்டு, கதாநாயகன் திரையில் நுழையும்போது போட்ட அதே பாட்டு. பிறகு பேச்சு. மாலையானால் மழை. பெண்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். அந்த மேடையில் ஒலித்த குரல்களில் அவர்களுடையது எத்தனை என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லயத்து வாசலில் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். என் கேள்வி வேறு. மலையகத்தில் தொழிற்சங்க மேடை என்று ஒன்று உருவானபோது அங்கே முதலில் எழுந்தது பாட்டு. அந்தப் பாட்டை எழுதியவர் ஒரு பெண். மேடையேறிப் பாடியவரும் அவரே. அவரை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்?

கோ. ந. மீனாட்சியம்மாளைச் சொல்கிறேன்.

பெயரைச் சொன்னதும் உங்களில் பலர் "நடேசய்யரின் சம்சாரம்தானே" என்பீர்கள். உண்மைதான். கோதண்டராம நடேசய்யரை உங்களுக்கு ஓரளவாவது தெரியும். தஞ்சாவூர்க்காரர். 1915இல் முதன்முதலாக இலங்கைக்கு வந்து, 1920இல் இங்கேயே தங்கிவிட்டவர். வெளியார் நுழையவே கூடாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரி வேஷத்தில் போய், லயங்களில் சனம் எப்படிக் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்து வந்து எழுதியவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். 1925 முதல் 1931 வரை சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை அட்டன் உறுப்பினராக அரசாங்க சபையிலும் இருந்தார். 1931இல் அட்டனில் அவர் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம்தான் தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதல் சங்கம். இவ்வளவும் உங்கள் ஆண்டு மலர்களில் எப்போதாவது ஒரு பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: அவருடைய துணைவியாரும் அவருக்கு உறுதுணையாக நின்றார்.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தும் வேலையில் அவருக்குப் பங்கு இருந்தது. பெண்களுக்கான பகுதியில் எழுதினார். தோட்டந்தோட்டமாக, ஊர் ஊராகக் கூட்டங்களுக்குப் போனார். கணவர் பேசுமுன் அவர் எழுந்து பாடுவார். பாரதியின் பாடல்களை மலையகத்துக் கூட்டங்களுக்குக் கொண்டு சேர்த்ததில் அவருடைய குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. பாரதி இறந்தது 1921இல். தமிழ்நாட்டிலேயே அவருடைய பாட்டுகள் கதர்க்காரர்களின் ஊர்வலத்தில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. கடல் தாண்டி, மலை ஏறி, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற சனத்தின் முன்னால் அவற்றைப் பாடிக் காட்டினார் இந்த அம்மா.

பாரதியோடு நிறுத்தியிருந்தால் நல்ல பாடகி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாரதியின் பாட்டில் வருகை பதியும் செக்ரோல் இல்லை, கங்காணி இல்லை, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் இல்லை. அந்தக் குறையை அவரே எழுதி நிரப்பினார். 1931இல் 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து' வந்தது. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகம் வந்தது. இலங்கையில் நம் சனத்துக்கு எதிரான பிரசாரம் வலுத்து வருகிறது, தொழிலாளரை உரிமைக்காக நிமிர வைக்க வேண்டும், அதற்குப் பாட்டு நல்ல வழி என்ற கருத்தை அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே எழுதினார். பொழுதுபோக்குக்குப் பாட்டெழுத வந்தவரில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

நீங்கள் நாள்தோறும் சங்க வேலை பார்க்கிறவர்கள். ஆகவே அந்த வேலை எப்படி நடந்திருக்கும் என்பதை உங்களால்தான் சரியாக எடைபோட முடியும். பத்திரிகை அடித்தால் வாசிக்க ஆள் வேண்டும். லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. அத்துமீறிப் பிரவேசிக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு, துரைமார் வெளியாள் எவரையும் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். கூட்டம் என்றால் டவுனில், ரோட்டோரத்தில். நாலு மைல் நடந்து வந்து கேட்டவன் திரும்பிப் போகும்போது பேச்சில் எத்தனை வசனத்தை நினைவில் கொண்டுபோவான்? பாட்டு அப்படியில்லை. சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த நாடக மெட்டில், சிந்தில், கும்மியில் புதுச் சொற்களை ஏற்றிவிட்டால், வீடு போய்ச் சேருமுன் பாதி மனப்பாடம். மறுநாள் மலையில் நிரை பிடித்து நிற்கும்போது ஒருத்தி முணுமுணுத்தால் பக்கத்து நிரைக்காரி மீதியைச் சொல்வாள். கங்காணி காதில் விழுந்தாலும் பாட்டுப் பாடினதற்குப் பேர், அதாவது நாட்சம்பளம், வெட்ட முடியுமா? வெட்டினாலும் வெட்டுவான், அது வேறு.

பாட்டுப் புத்தகங்கள் சில சதங்களுக்கு விற்ற காலம் அது. தமிழ்நாட்டிலும் குஜிலிக்கடைப் புத்தகம் என்று தலையில் அடித்துக்கொண்டு பண்டிதர்கள் ஒதுக்கிய அதே மலிவு அச்சுதான். ரயில் விபத்து, கொலை வழக்கு, காந்தி சிறை சென்றது, எல்லாம் அதில் பாட்டாக வந்தது. மீனாட்சியம்மாள் அந்த மலிவான வடிவத்தைக் கையில் எடுத்துச் சம்பளத்தையும் வாக்குரிமையையும் அதற்குள் வைத்தார். அவருக்குப் பின்னால் ஜில் சுல்தான், எஸ். எஸ். நாதன், கா. சி. ரெங்கநாதன் என்று துண்டுப் பிரசுரப் பாட்டுக்காரர்கள் மலையகத்தில் வரிசையாக வந்தார்கள். பஸார்களிலும் திருவிழாக்களிலும் பாடி விற்ற அந்த மரபைப் பற்றி எழுத வேண்டுமானால் அதற்குத் தனி மடலே வேண்டும்.

ஒரு ஒப்பீட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களைப் பற்றி அச்சில் வந்த பாட்டுகளில் ஆகப் பழையது 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பிப் பயிர்ச்செய்கை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தோட்டத்தை நடத்துகிறவர்களின் பக்கத்தில் நின்று சொல்கிற கும்மி அது. தொழிலாளி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று பாடிய குரலுக்கும், செய்த வேலைக்கு என்ன வரவேண்டும் என்று பாடிய குரலுக்கும் இடையில் அறுபது வருஷம். முதல் குரல் ஆணுடையது, இரண்டாவது பெண்ணுடையது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் என்று கேட்டால் சம்பளப் பட்டியலைக் காட்டுவேன். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பிறகு உலகச் சந்தை விழுந்தபோது அந்தச் சதங்களிலும் கைவைத்தார்கள். துயரச் சிந்து வெளிவந்தது அந்த நெருக்கடியின் நடுவில்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று தோட்டத்தில் வந்தது எப்போது? 1984இல். மீனாட்சியம்மாள் பாடியதைக் கேட்ட பெண்ணின் பேத்தி கொழுந்தெடுக்க வந்த பிறகுதான். அதற்குப் பிறகு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் கத்தினோம், 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்த பிறகும் எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர் என்று எத்தனை தோட்டத்தில் இழுபறி நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழுபறியில் தராசின் முன்னால் நின்றவர்கள் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

1940ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். அதைப் பேச ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அந்த வருஷம் ஜூலையிலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். தோட்டந்தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. அப்படிப்பட்ட வருஷத்தில், நாட்டை விட்டுப் போ என்று மந்திரிமார் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்களுடைய பேச்சுக்கு நேருக்கு நேர் பதில் சொல்லும் பாட்டுகளை ஒரு பெண் எழுதி, அச்சடித்து, மேடையில் நின்று பாடவும் செய்தார். இன்றைக்கு இணையத்தில் ஒரு பாட்டுப் போடவே பெயரை மறைக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், வாயைப் பிளப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரை மறந்தது எப்படி? என் ஊகம் ஒன்று உண்டு, கோபிக்காதீர்கள். உங்கள் சங்கங்களில் பலவற்றின் வேர் இலங்கை இந்தியக் காங்கிரஸில் இருக்கிறது. நடேசய்யரின் சம்மேளனத்துக்கும் காங்கிரஸுக்கும் ஆகவில்லை. 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நடேசய்யர் தோற்றார். அந்த நவம்பர் 7இல் இறந்தும் போனார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, வென்றவர் தோற்றவர் எல்லோருடைய காலடியிலிருந்தும் நிலத்தைப் பறித்துவிட்டது. வென்ற வீட்டில் தோற்றவரின் படத்தை மாட்டமாட்டார்கள், அது மனித சுபாவம். தோற்றவரின் மனைவி எழுதிய பாட்டை யார் பாடப் போகிறார்கள்? அதற்குப் பிறகு சங்கங்கள் பிரிந்தன, பிரிந்தவையும் பிரிந்தன. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு தலைவர் கதை வந்தது. அந்தக் கதைகளில் பாட்டுக்கு இடமில்லை.

மலையக எழுத்தாளர் சாரல் நாடன் உட்கார்ந்து பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' எழுதியிராவிட்டால், அந்தனி ஜீவா போன்றவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்திராவிட்டால், குமாரி ஜெயவர்த்தன தன் தொழிலாளர் வரலாற்று ஆய்வுகளில் மீனாட்சியம்மாள் பெயரை எடுத்திராவிட்டால், இந்த அம்மாவைப் பற்றி இவ்வளவுகூட நமக்குத் தெரிந்திருக்காது. தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் சாரல் நாடன். ஆய்வுக்கு மானியம் கொடுத்து அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. ஆக, தேடும் வேலையை எழுத்தாளர்கள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பாடும் வேலை பாக்கி. அது அவர்களால் ஆகாது. அதற்கு மேடையும் கூட்டமும் வேண்டும். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். அந்தப் பாட்டுகளில் இந்தியர், இந்தியர் என்று வருகிறதே, நாம் இன்றைக்கு மலையகத் தமிழர் என்றல்லவா சொல்லிக்கொள்கிறோம், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து இது எங்கள் மண் என்று சொன்ன பிறகு அதைப் பாடலாமா என்பீர்கள். சட்டமும் சென்சஸும் நம்மை அப்படி எழுதிய காலத்தில் அவர் எழுதினார். அதைக் கூட்டத்துக்கு ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். நம் சனம் அவ்வளவு மந்தமில்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. அந்தப் பாட்டுகளில் சிங்கள மந்திரிகளைச் சாடுகிற இடங்கள் உண்டு. இன்றைக்கு மே தினத்தில், பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தொழிலாளியும் நிற்கும் இடத்தில் அதைப் பாடினால் என்ன ஆகும்? நியாயமான பயம். இதற்கு என் பதில் இரண்டு. நடேசய்யர் கொழும்பில் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு ஒரே தொழிற்சங்கத்தில் இருந்து சிங்களத் தொழிலாளருக்காகவும் உழைத்தவர். குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பிய பிறகுதான் பிரிந்தார். ஆகவே பாட்டு சாடுவது ஆட்சியில் இருந்தவர்களை, அயலவரை அல்ல என்று சொல்ல வரலாறு துணை நிற்கும். அடுத்தது, எல்லாப் பாட்டையும் எல்லா மேடையிலும் பாட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? சம்பளம், ஒற்றுமை, சங்கம் சேர்தல் என்று எந்த மேடைக்கும் பொருந்துகிற விஷயங்களும் அவர் பாட்டில் உண்டு. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். மிச்சத்தைப் புத்தகத்தில் போடுங்கள், வாசிக்கிறவர்கள் காலத்தோடு சேர்த்து வாசித்துக்கொள்ளட்டும்.

"அந்தப் பழைய மெட்டெல்லாம் இப்போதைய பிள்ளைகளுக்கு ஏறாது" என்று ஒரு தோட்டத் தலைவர் என்னிடமே சொன்னார். நான் பாடசாலையில் படிப்பிக்கிறவள். தமிழ்த்தினப் போட்டிக்கு எங்கிருந்தோ வரும் பாட்டை, பொருள் புரியாமலே, மூன்றே நாளில் ராகத்தோடு பாடிக் காட்டுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தன் பாட்டி நின்ற பெரட்டுக்களத்தைப் பற்றிய பாட்டு ஏறாதா? மெட்டு ஏறாவிட்டால் மாற்றிக்கொள்ளட்டும். மீனாட்சியம்மாளும் தன் காலத்துச் சனம் முணுமுணுத்த மெட்டைத்தானே எடுத்தார். அவர் வழி அதுவே. தப்பு மேளத்தோடு பாடுகிறவன் தப்பு மேளத்தோடு பாடட்டும், கிட்டாரோடு பாடுகிறவள் கிட்டாரோடு பாடட்டும்.

தலைவிமாரே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. மாதர் சங்கம் என்ற பெயரில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வேலை என்ன? பொங்கலுக்குக் கோலப் போட்டி, தலைவர் வந்தால் ஆலாத்தி, மே தினத்துக்கு ஆள் சேர்ப்பு. ஆள் சேர்ப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். சேர்த்த ஆளுக்கு முன்னால் நின்று நீங்கள் பேசியிருக்கிறீர்களா? பேச்சு வராது என்று சிலர் கூச்சப்படுகிறீர்கள். பாட்டு வருமே. தாலாட்டு வருகிறது, ஒப்பாரி வருகிறது, கும்மி வருகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகப் போய் நாட்டார் பாடல்களைச் சேகரித்தபோது அவருக்குக் கிடைத்த செல்வத்தில் பெரும்பகுதி உங்கள் அம்மாமாரும் அப்பாயிமாரும் வைத்திருந்ததுதான். அந்தக் குரல் சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் தயங்காமல் எழுகிறது. சங்க மேடையில் மட்டும் ஏன் அடங்கிப் போக வேண்டும்? மீனாட்சியம்மாள் படித்த வீட்டுப் பெண், ஐயர் வீட்டு அம்மா, அவரால் முடிந்தது என்று சொல்லாதீர்கள். அவர் அந்தக் காலத்து ஐயர் வீட்டுப் பெண் என்பதனாலேயே தெருவில் நின்று பாடியதற்கு அவர் கொடுத்த விலை கூடுதலாக இருந்திருக்கும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

இந்த மே தினத்தில் மேடையின் முதல் அரை மணி நேரத்தைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கொடுங்கள். எந்தத் தலைவரும் பேசுமுன். மாலை போடுமுன், பொன்னாடைக்கு முன், வரவேற்புரைக்கும் முன். மீனாட்சியம்மாளின் பாட்டுகளில் இரண்டை அவர்கள் பாடட்டும். யார் எழுதியது, எந்த வருஷம், அப்போது நாட்கூலி எத்தனை சதம் என்று ஒருத்தி கூட்டத்துக்குச் சொல்லட்டும். அதற்குப் பிறகு தங்கள் தோட்டத்தைப் பற்றித் தாங்களே கட்டிய ஒரு பாட்டைப் பாடட்டும். கிலோக் கணக்கைப் பற்றி இருக்கலாம், குளவி கொட்டினதைப் பற்றி இருக்கலாம், காணி உறுதி வராததைப் பற்றி இருக்கலாம், சந்தா வாங்கிய சங்கத்தைப் பற்றியும் இருக்கலாம். அதைத் தணிக்கை செய்யாதீர்கள். அந்த அரை மணி நேரமும் தலைவர்கள் கீழே இறங்கி, கூட்டத்தோடு உட்கார்ந்து கேளுங்கள்.

இதற்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு செலவை மட்டும் நீங்கள் ஏற்கத்தான் வேண்டும். பாட்டுப் பழக மலையிலிருந்து நேரத்தோடு இறங்கும் பெண்ணுக்கு அன்றைய பேர் அரைப்பேராகிவிடக் கூடாது. அந்தக் குறைவைச் சங்கம் கொடுக்கட்டும். மேளதாளத்துக்கும் கட்டவுட்டுக்கும் கொடுக்கிற கையால் இதைக் கொடுக்க முடியாதா? பழகுவதற்குக் கோயில் மண்டபமோ, பிள்ளைக்காம்பராவோ, எங்கள் பாடசாலையோ போதும். இரவில் லயத்துக்குத் திரும்பும் பெண்களுக்குத் துணையாக வர இளைஞர் இருக்கிறார்கள்.

அதோடு, அவருடைய பாட்டுகளைச் சேர்த்து ஒரு சிறு புத்தகமாக அச்சடியுங்கள். நல்ல தாளில், கெட்டி அட்டையில், அமைச்சர் வாழ்த்துரையோடு வேண்டாம். அப்படிச் செய்தால் அது வெளியீட்டு விழாவோடு அலமாரிக்குப் போய்விடும். அட்டன் பஸ் ஸ்டாண்டில், தலவாக்கலைப் பஸாரில், ஒரு பிளேன்டீ விலைக்கு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி அடியுங்கள். முன்னட்டையில் சங்கத்தின் கொடியும் தலைவரின் படமும் வேண்டாம், அவருடைய பெயர் மட்டும் போதும். எல்லாச் சங்கமும் சேர்ந்து ஒரே புத்தகமாக அடித்தால் இன்னும் நல்லது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குக்கூட ஒன்றாகப் போக முடியாதவர்களிடம் இதைக் கேட்பது அதிகம்தான், தெரியும். கேட்டு வைக்கிறேன்.

மார்ச் மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். ஒத்துக்கொள்கிற தோட்டங்களின் பெண்களுக்குப் பாட்டையும் அதன் பின்கதையையும் சொல்லிக் கொடுக்க நானும், என்னோடு படிப்பிக்கும் சிலரும் சனி, ஞாயிறுகளில் வரத் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், பஸ் காசும் வேண்டாம். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு என்பதை மட்டும் தலைவிமார் முடிவு செய்து சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி